விக்டோரியன் வீட்டைக் கைக்காசுக்குள் அலங்கரித்த அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது?

வால்தம்ஸ்டோவாசி
மூன்று வருடம் ஆகியும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்களுடையது லண்டனில், விக்டோரியா ராணி காலத்தில், 1890களில் கட்டிய டெரஸ் வீடு, அதாவது பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடு. வாசல் நடையில் கிடந்த கார்ப்பெட்டின் மூலையைத் தூக்கினால், கீழே கறுப்பும் காவியும் வெண்மஞ்சளுமாக அந்தக் காலத்து டைல்ஸ்! முக்கோணமும் சதுரமுமாக நடை முழுக்க இருந்தது. இன்று புதிதாகப் பதிக்க ஆயிரக்கணக்கில் பவுண்ட் ஆகும், எங்களுக்குச் சும்மா கிடைத்தது. கார்ப்பெட் பசை போகவில்லை என்று செங்கல் கழுவும் ஆசிட்டை வாங்கி ஊற்றினேன். ஸ்ஸ்ஸென்று நுரைத்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. காய்ந்த பிறகு பார்த்தால் காவி டைல்ஸ் எல்லாம் தோல் உரிந்த மாதிரி சொரசொரப்பு, மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. வாசலிலிருந்து நாலடி தூரம். நூறு வருடத்துக்கு மேல் எத்தனையோ செருப்பு மிதித்தும் கெடாததைப் பத்து நிமிடத்தில் நான் கெடுத்துவிட்டேன்.

ஈஸ்ட்ஹாம்_கதவு
எனக்குக் கதவு. 1960களில் பழைய கதவுகள் மேல் ஹார்ட்போர்டு அடித்துச் சமதளமாக்கினார்களே, அதே கதைதான் எங்கள் வீட்டிலும். ஆணிகளைப் பிடுங்கியதும் பலகை சரிந்து விழுந்தது. உள்ளே அசல் நாலு பேனல் கதவு. என் மகள் "அப்பா, கதவுக்குள்ள இன்னொரு கதவு!" என்று கத்தினாள். ஆறு கதவையும் பெயின்ட் உரிக்க காஸ்டிக் சோடா தொட்டியில் முக்கும் கடைக்கு அனுப்பினேன். மூன்று கதவுகள் மூட்டு கழன்று, பிடித்தால் ஆடுகிற நிலையில் திரும்பி வந்தன.

பழையசுவர்
தம்பி, கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் உரிக்கவே வேண்டியதில்லை! அது விலை குறைந்த பைன் மரம். விக்டோரியா காலத்தில் அதற்குப் பெயின்ட் அடித்தார்கள், இல்லையென்றால் ஓக் போலத் தெரிய பிரஷ்ஷால் ரேகை இழுத்தார்கள். வெறும் மரமாகக் காட்டும் மோகமெல்லாம் 1970களில் வந்தது. ஒரு டின் பெயின்டில் முடிந்திருக்கும்.

என் கதை சின்னது. முன்னறைக் கூரையின் நடுவே விளக்கு தொங்கும் இடத்தில் ஒரு வட்ட மேடு. ஏணியில் நின்று, ஆவி காட்டி, பல்குத்தும் குச்சியால் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டினேன். நாலாவது நாள் ஒரு திராட்சைக் கொத்து வெளியே வந்தது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும். பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், ஈயம் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தூசி விஷம். பரிசோதனைக் கிட் கடையில் கிடைக்கும், முதலில் அதை வாங்குங்கள். கூரையில் ஆர்டெக்ஸ் என்ற மேடுபள்ளமான பூச்சு இருந்தால் கை வைக்காதீர்கள். 1999 தடைக்கு முன் பூசியதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சுண்ணாம்புச் சுவரில் ஈரம் தெரிந்தால் சிமென்ட் பூசாதீர்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். குளிருக்குத் தீ மூட்டிய கணப்பை அடைத்திருந்தால் அதில் காற்றுத் துளை வையுங்கள். மேசை, அலமாரிக்கு ஏலக்கடைக்குப் போங்கள். கனமான பழைய மகாகனி சாமான்களை இப்போது கேட்பார் குறைவு. புது ஒட்டுப்பலகை அலமாரியை விட மலிவாகக் கிடைக்கும்.

வாடகைக்குடியிருப்பவன்
அக்கா, அசல் இருப்பவர்களுக்கு இதெல்லாம் சரி. என் பிளாட்டில் முன்பு இருந்தவர்கள் கணப்பு, கூரை ஓரத்து வேலைப்பாடான கார்னிஸ், கதவு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். சுவரின் கீழ்ப்பாதியில் அனாக்லிப்டா என்ற புடைப்பு வேலைப்பாடுள்ள சுவர்க் காகிதத்தை ஒட்டிக் கரும்பச்சை அடித்தேன். ஒரு நண்பர் வந்து "இது போலிதானே?" என்று கேட்டார். அது இன்னும் உறுத்துகிறது.

போலி என்பதை நான் ஏற்கவில்லை. விக்டோரியா காலத்தவர்களே இதைத்தான் செய்தார்கள். செதுக்கு வேலைப்பாட்டுக்குப் பதிலாக 1877இல் லின்கிரஸ்டா என்ற புடைப்புச் சுவர் விரிப்பு வந்தது. லினோலியம் என்ற தரைவிரிப்பைக் கண்டுபிடித்த அதே வால்டன்தான் செய்தார். பத்து வருடம் கழித்து, 1887இல், அதைவிட மலிவாகக் காகிதக் கூழில் அனாக்லிப்டா. கென்சிங்டனில் சாம்போர்ன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பஞ்ச் என்ற நகைச்சுவைப் பத்திரிகைக்குப் படம் வரைந்த சாம்போர்ன் வாழ்ந்த வீடு. பெரிய அறையில் தங்க நிறத்தில் தோல் போலவே இருக்கும் விலை கூடிய காகிதம் ஒட்டியிருக்கிறார். ஆனால் படங்கள் மாட்டியிருந்த இடங்களில் ஒட்டவில்லை, காசு மிச்சம்! அந்தப் படங்களுக்குப் பின்னால் வில்லியம் மோரிஸ் வடிவமைத்த பழைய சுவர்க் காகிதம் அப்படியே இருக்கிறதாம். வழிகாட்டி இதைச் சொன்னபோது அந்த மனிதர் எனக்கு ரொம்ப நெருக்கமாகிவிட்டார்.

வால்தம்ஸ்டோ அக்கா, அதே அளவில் டைல்ஸ் இன்றும் செய்கிறார்கள். கெட்டதை மட்டும் மாற்றலாமே?

வால்தம்ஸ்டோவாசி
நன்றி தம்பி. போன வாரம் பழைய சாமான் யார்டில் ஒரு காவி டைல் கிடைத்தது, 2 பவுண்ட். நடையில் வைத்துப் பார்த்தேன், நிறம் ஒத்துப்போகிறது. இன்னும் 38 வேண்டும்.