மறு: இனச்சுத்திகரிப்பு – வேறு சொல் தேவையா?

எல்லோருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் ethnic cleansing என்பதற்கு 'இனச்சுத்திகரிப்பு' என்றே வைக்கலாமா, வேறு சொல் வேண்டுமா என்ற இழையை நேற்று இரவுதான் முழுக்கப் படித்தேன். "பத்திரிகைகளில் எத்தனையோ வருடமாகப் புழங்கும் சொல், இப்போது ஏன் கிளறுகிறீர்கள்?" என்று பெரியவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான் ஐயா. ஆனாலும் எனக்கு விட்டுவிட மனம் வரவில்லை.

கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு, கச்சா எண்ணெய்க்குச் சுத்திகரிப்பு ஆலை உண்டு. இரண்டிலும் அழுக்கை எடுத்தால் நல்லது மிஞ்சும். அதே சொல்லை மனிதர்கள்மேல் போட்டால், அழுக்கு யார் என்பதையும் சேர்த்துச் சொல்லியாகிவிட்டது. 'எத்னிச்கோ சிஷ்சென்யே' என்ற செர்போ-குரோஷியத் தொடரை 1992 வாக்கில் உலக மொழிகள் எல்லாம் அப்படியே வாங்கிக்கொண்டன, நாமும் வாங்கினோம். ஜெர்மனியில் ஆண்டுதோறும் மோசமான சொல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறிவிப்பார்கள். 1992-க்குத் தேர்வானது இதன் ஜெர்மன் வடிவம்தான். நாம் மேற்கோள் குறிகூடப் போடுவதில்லை.

அந்தக் கொடுமையைச் செய்தவர்களின் சொல் என்பது ஒரு குறை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இலக்கணம்.

பொஸ்னியாவின் வடமேற்கில் பிரியெதோர் என்று ஒரு ஊர். 1992 மே 31 அன்று, செர்பியர் அல்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், வெளியே வந்தால் கையில் வெள்ளைப் பட்டி கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதே நாட்களில் ஓமார்ஸ்கா, கெராதெர்ம், ட்ர்னோபோல்யே தடுப்பு முகாம்கள். அந்தப் பக்கத்தில் பல ஊர்களில், கிளம்புகிறவர்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்: வீடு வாசலை விட்டுக்கொடுத்து, என் சொந்த விருப்பத்தில் போகிறேன் என்று. துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு தன்வினையில் எழுதி வாங்கியிருக்கிறார்கள்! நாமும் 'இடம்பெயர்ந்தோர்', 'கட்டாய இடப்பெயர்வு' என்று எழுதும்போது அந்தத் தாளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற மாதிரி எனக்குப் படுகிறது. பெயர்தல் வேறு, பெயர்த்தல் வேறு. இந்த வித்தியாசத்தைக் காட்ட ஒற்றை 'த்' போதும் என்கிற மொழியை வைத்துக்கொண்டு அதைத் தொலைப்பானேன்? பொஸ்னியாவில் போருக்கு முன்பிருந்த சுமார் 44 லட்சம் பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் வீடிழந்தார்கள். அத்தனை பேருமா பெயர்ந்தார்கள்?

ஆகவே வேண்டியது பிறவினைச் சொல். இழையில் வந்த பரிந்துரைகளைப் பார்க்கலாம்.

இனப்பெயர்ப்பு: இலக்கணம் சரி, ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தம்பி மாதிரி ஒலிக்கிறது. இனத்துடைப்பு, இனக்களைவு இரண்டிலும் பழைய நாற்றம் போகவில்லை. களை என்றாலே பிடுங்க வேண்டியது என்றாகிவிடும். இனவெளியேற்றம் என்று புத்தளத்திலிருந்து அக்கா எழுதியிருந்தார். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களைத் துரத்தினார்கள், யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம்தான் அவகாசம். அனுபவித்தவர்கள் அதை 'வெளியேற்றம்' என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஆகவே அந்தச் சொல்லுக்கு என்னைவிட அவருக்கு உரிமை அதிகம். தயக்கம் ஒன்றுதான்: 'வெளிநடப்பு' போல, தாமாக வெளியேறியதையும் வெளியேற்றம் என்று எழுதிவிடுகிறோம்.

என் பரிந்துரை 'இனவிரட்டல்'. விரட்டு என்ற வினைக்கு இன்றைய வழக்கில் தன்வினையே கிடையாது. விரட்டுகிறவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும். "அடிச்சு விரட்டிட்டாங்க" என்பது யார் வாயிலும் வருகிற பேச்சு. 'விரட்டு' என்று நிறுத்தினால் சிவகங்கைக்காரர்கள் மஞ்சுவிரட்டைக் கொண்டுவந்துவிடுவார்கள், அதனால் 'விரட்டல்'.

"கொலையும் நடந்ததே, விரட்டல் என்றால் போதுமா?" என்ற கேள்விக்கு: ஐ.நா. நிபுணர் குழு 1993-இல் இதை விளக்கியபோது, ஒரு நிலப்பகுதியை ஒரே இனத்துக்கு உரியதாக்க, வன்முறையாலோ மிரட்டலாலோ மற்றவர்களை அங்கிருந்து அகற்றுவது என்றுதான் சொன்னது. குறி நிலத்தின்மேல், கொலை அதற்கான வழிகளில் ஒன்று. குறி கூட்டத்தையே இல்லாமல் ஆக்குவது என்றால் அது இனவழிப்பு (genocide). ஐ.நா.வின் 1948 இனவழிப்பு உடன்படிக்கை அதற்கு ஐந்து செயல்களைச் சொல்கிறது. பிறப்பைத் தடுப்பதும், பிள்ளைகளைப் பிடுங்கி வேறு கூட்டத்திடம் கொடுப்பதும் அதில் அடக்கம். ஆகவே 'இனப்படுகொலை' என்ற சொல் முதல் செயலான கொலையைத்தான் நேராகத் தொடுகிறது. சொற்பட்டியலில் இனவழிப்பே இருக்கட்டும்.

எல்லை எப்போதும் தெளிவாக இருக்காது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் பொஸ்னிய செர்பியப் படையினர் பெண்களையும் குழந்தைகளையும் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றார்கள். சர்வதேச நீதிமன்றம் 2007-இல் அதை இனவழிப்பு என்றது. பொஸ்னியாவின் மற்ற இடங்களில் நடந்ததற்கு அந்தப் பெயரைத் தரவில்லை. நமக்கு இரண்டு சொல்லும் தனித்தனியாக வேண்டும் என்பதற்கு அந்தத் தீர்ப்பே போதும். செய்தவர்களின் கூற்றை மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும் 'இனச்சுத்திகரிப்பு' மேற்கோள் குறிக்குள் இருக்கலாம்.

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், பட்டியலை அனுப்பியாக வேண்டும். அப்புறம், மிச்சமிருப்பது ஒன்று. ஸ்ரெப்ரெனிட்சாவில் தடயத்தை மறைக்க, புதைத்த உடல்களை இயந்திரத்தால் தோண்டி வேறு குழிகளில் கொட்டினார்கள். ஒரே ஆளின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்தன. அந்தக் குழிக்குப் பட்டியலில் 'இரண்டாம்நிலைப் புதைகுழி' என்று இருக்கிறது. இரண்டாம்நிலை என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. 'பெயர்த்த புதைகுழி' என்று போடலாமா?