புதுப்பிப்பு: தாடை அறுவை சிகிச்சைக்குப் பின் என் பேச்சு

முன்தள்ளிய கீழ்த்தாடையைச் சரிசெய்யப் போகிறேன், பேச்சு மாறுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு 11 வாரங்கள்.

முதல் இரண்டு வாரம் பேச்சு என்று ஒன்றுமில்லை. வீக்கம் ஒருபுறம், மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் இழுத்துப் பிடித்த ரப்பர் வளையங்கள் மறுபுறம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடைக்கார அண்ணனிடம் "பால்" கேட்டேன். அவர் காதில் "ஹால்" என்று விழுந்ததாம்! உதடு மரத்துப்போனால் 'ப', 'ம' இரண்டும் படுத்துவிடும். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு இழுபடுவதால் வரும் மரப்பு அது. பலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் தெளியும். என் மோவாயின் இடப்பக்கம் இன்னும் எறும்பு ஊர்கிறது.

'ச' மட்டும் அருமை. முன்பு "சரஸ்வதி" என்றாலே காற்றுச் சீறும். போன வாரம் தொலைபேசியில் அம்மா, "யார் பேசுவது?" என்று கேட்டார். ஆனாலும் நாக்கு பழைய இடத்தையே தேடுகிறது; களைத்த மாலைகளில் சீறல் திரும்பிவிடும்.

அண்ணப்பிளவுள்ள (வாயின் மேற்கூரையில் பிறவியிலேயே பிளவுள்ள) தம்பி ஒருவர் தன் மேல்தாடையை முன்னே நகர்த்துவது பற்றிக் கேட்டிருந்தார். தம்பி, அதில் மூக்கொலி, அதாவது மூக்கால் பேசுவது போன்ற ஒலி, அதிகமாக வாய்ப்புண்டு. அறுவைக்கு முன்பே பேச்சுச் சிகிச்சையாளரைப் பார்த்துவிடுங்கள்.