சேந்தன் என்று பையனுக்குப் பெயர் வைக்கலாமா?

கேள்வி – விருதுநகர்வாசி:
பையன் பிறந்திருக்கிறான். முருகன் பெயர்தான் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் வேண்டுதல். செந்தில், சரவணன், குமரன் எல்லாம் எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அதனால் சேந்தன் என்று சொன்னேன். மாமியாரோ, "கிணத்துல தண்ணி சேந்துறவனா?" என்று கேட்கிறார். இது முருகன் பெயர்தானே? ஆதாரம் கிடைத்தால் வீட்டில் பேச வசதியாக இருக்கும்.

பதில் – தமிழாசிரியர் (ஓய்வு):
வாழ்த்துகள் தம்பி. தாராளமாக வையுங்கள். சேத்தல் என்றால் சிவத்தல். சேந்தன் என்றால் சிவந்தவன். முருகனைச் சேய், செவ்வேள் என்பதும் அந்த நிறத்தை வைத்துத்தான். அம்மாவிடம் கந்தரலங்காரத்தைக் காட்டுங்கள்: "சேந்தனைக் கந்தனைச் செங்கோட்டு வெற்பனை". அருணகிரிநாதர் அந்தப் பாட்டைத் தொடங்குவதே இந்தப் பெயரில்தான்.

அரசர்களுக்கும் இந்தப் பெயர் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட ஒரு பாண்டியன் பெயர் சேந்தன். வேள்விக்குடிச் செப்பேடு அவனைச் 'செங்கோற் சேந்தன்' என்கிறது. ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவன் அம்பர் ஊர்த் தலைவன் சேந்தன். தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நிகண்டு திவாகரம். 12 தொகுதிகளாகச் சொற்களை அடுக்கிய அந்த நூலைத் திவாகரர் செய்ய, ஆதரித்தவன் இவன். அதனால்தான் அதற்குச் சேந்தன் திவாகரம் என்றே பெயர். அகராதிக்குத் துணை நின்றவனின் பெயர் ஒரு குழந்தைக்கு அமைவது எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

பதில் – தில்லை மீனா:
ஐயா சேந்தனாரை விட்டுவிட்டாரே! திருப்பல்லாண்டு பாடியவர். "மன்னுக தில்லை" என்று தொடங்கும் அந்தப் பாட்டு 9ஆம் திருமுறையில் இருக்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு நாங்கள் களி கிண்டுவதே, அவர் படைத்த களியை நடராசர் ஏற்றுக்கொண்டார் என்ற கதையை வைத்துத்தான். அப்புறம் முக்கியமான விஷயம், திருவிடைக்கழி பதிகத்தில் அவர் பாடியிருப்பது முருகனை. உங்கள் அம்மாவுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

பதில் – சேந்தன் அப்பா:
என் மகன் பெயரும் இதேதான், சகோ. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் 'செந்தன்' என்று குறுக்கிவிடுகிறார்கள். என்ன எழுத்துக்கூட்டல் என்று முதலிலேயே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் ஒரே மாதிரி கொடுங்கள். பிறகு திருத்த அலைவது பெரிய பாடு. தண்ணீர் சேந்துவது பற்றி எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். பையனைச் சேந்தா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது.