கம்பெனி கைமாறுது, ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்றாக. கொடுக்கலாமா?

கல்லுக்கட்டி தம்பி:
காரைக்குடியில நகைக்கடன் கம்பெனி. சென்னைக் கம்பெனி ஒண்ணோட சேருது. நாலு வருஷம் நாலு மாசம் ஆன சின்னப் பசங்க மட்டும் ராஜினாமா கொடுத்துட்டுப் புது ஆர்டர் வாங்கணுமாம். பத்து வருஷம் ஆன அண்ணன்மாருக்குப் பழைய சர்வீஸ் தொடருமாம். கூட்டத்துக்கும் எங்களைக் கூப்பிடுறதில்ல.

கணக்குப்பிள்ளை:
எழுதாதீங்க தம்பி. அந்த ஒத்தைத் தாள்ல கிராஜுவிட்டி (பணிக்கொடை) போயிரும். 5 வருஷம் ஆகணும்னாலும், அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை செஞ்சாலே போதும்னு சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கு. உங்களுக்கு இன்னும் நாலு மாசம்தான் பாக்கி. அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) மாசம் 18,000 ரூபான்னா, மாசத்துக்கு 26 நாள், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்னு போட்டு, 18,000 × 15 ÷ 26 × 5 = 51,923 ரூபா. இப்ப முறிச்சா சைபர்.

1947 தொழில் தகராறு சட்டத்துல 25எஃப்எஃப் பிரிவு கம்பெனி கைமாறுறதுக்குன்னே இருந்துச்சு. அதுக்குப் பதிலா வந்த 2020 தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் அந்த ஏற்பாட்டை விடல. சர்வீஸ் அறுபடக்கூடாது, நிபந்தனை குறையக்கூடாது, பழைய வருஷத்தைப் புது முதலாளி ஏத்துக்கணும். இதுல ஒண்ணு தவறினாலும் நோட்டீசும் இழப்பீடும் உண்டு. கிளார்க், கலெக்‌ஷன் ஆளுகளுக்குப் பொருந்தும், மேனேஜருக்கு இல்ல. நீங்களா ராஜினாமா எழுதிட்டா இந்தப் பேச்சுக்கே இடமில்ல.

கேட்க வேண்டியது பணித்தொடர்ச்சிக் கடிதம். முதல்ல சேர்ந்த தேதி, லீவு பாக்கி, 'மறு தகுதிகாண் பருவம் கிடையாது'ங்கிற வரி, மூணும் அதுல இருக்கணும்.

தேவகோட்டை அக்கா:
பிஎஃப் பாஸ்புக்கை இப்பவே டவுன்லோடு பண்ணி வைங்க. பழைய கம்பெனி விலகுன தேதியைத் தப்பாப் போட்டு, புதுசுல சேர்ந்த தேதியோட மோதுச்சுன்னா டிரான்ஸ்ஃபர் தாமதமாகலாம். பழைய ஆபீசை மூடிட்டா திருத்த ஆள் தேடணும். யுஏஎன் (எந்தக் கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் நம்பர்) பழசேதான் இருக்கணும். பணத்தை எடுத்துறாதீங்க, 5 வருஷத்துக்குள்ளன்னா வரி.

பொன்னமராவதி:
எனக்குக் கிரேடு மேப்பிங்தான், அதாவது உங்க பழைய வேலையைப் புதுக் கம்பெனியோட எந்தப் படியில வைக்கிறாகங்கிறதுதான், பெரிய விஷயமாத் தெரியுது. நம்ம ஊருச் சின்னக் கம்பெனியில 22 கேரட் உரசிப் பாக்குறதுலருந்து லாக்கர் சாவி, ஏலம் வரைக்கும் ஒரே ஆள். பெரிய கம்பெனியோட பட்டியல்ல அவர் வெறும் 'அசிஸ்டென்ட்'. பதவிப் பேரை விட்டுட்டு, எவ்வளவு ரூபா வரைக்கும் கடன் பாஸ் பண்றீங்க, எந்தச் சாவி உங்ககிட்டன்னு ஒரு பக்கம் எழுதி, மேப்பிங் முடியறதுக்கு முன்னாடியே ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க. முடிஞ்சப்புறம் அடுத்த இன்கிரிமென்ட் வரைக்கும் அசைக்க முடியாது.

சென்னையில கூட்டம் 10 மணின்னா, காரைக்குடியிலருந்து பல்லவன் ரயில்ல போறவுக மத்தியானம்தான் எழும்பூர்ல இறங்குவாக. 3 மணிக்கு வீடியோவுல வைக்கச் சொல்லுங்க. கேக்க இதுல கூச்சமே வேணாம்.

கல்லுக்கட்டி தம்பி:
கையெழுத்துப் போடலைன்னா சம்பளம் நின்னுரும்னு வாயால மட்டும் சொல்றாக அண்ணே.

கணக்குப்பிள்ளை:
'இன்ன தேதி நீங்க சொன்னதை எழுத்துல கொடுங்க'ன்னு மெயில் போடுங்க, எல்லாருமாச் சேர்ந்து. பதில் வரலைன்னா அந்த மெயில் நகலோட மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துல மனு.