குடல்நனை ஊட்டு: 'ட்ரோஃபிக் ஃபீடிங்'குக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் 'ட்ரோஃபிக் ஃபீடிங்'குக்கு, அதாவது குழாய் வழியே மிகச் சிறு அளவில் உணவு கொடுப்பதற்கு, ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். நான்கு பரிந்துரைகள் வந்தன: வளரூட்டம், குறையூட்டு, துளியூட்டு, குடல்தூண்டல் ஊட்டம். நாலையும் இரண்டு நாள் வாயில் போட்டு மென்று பார்த்தேன். என் முடிவுக்கு முன், இந்தச் சொல் எதற்காகத் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களின் குடும்பத்தாருக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். நோயாளி வென்டிலேட்டரில் இருக்கிறார். மூக்கு வழியே இரைப்பைக்கு ஒரு குழாய், அதன் மறுமுனையில் ஒரு பம்ப். பம்ப்பின் திரையில் 10 என்ற எண் தெரிகிறது. மணிக்கு 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி. அதைப் பார்க்கும் மனைவிக்கோ மகனுக்கோ என்ன தோன்றும்? பட்டினி போடுகிறார்கள் என்றுதான். விளக்கம் கேட்டால் 'ட்ரோஃபிக் ஃபீடிங்' என்று பதில் வருகிறது. ஒரு பெரியவர் அது 'டிராஃபிக்' என்று காதில் விழுந்து, குழாயில் ஏதோ நெரிசல், சரியானதும் வேகமாகப் போகும் என்று மற்றவர்களுக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நடப்பது இதுதான். குடலின் உட்சுவரில் குட்டி விரல்கள் போலக் குடலுறிஞ்சிகள் இருக்கின்றன. அவற்றின் செல்கள் தமக்கான உணவில் ஒரு பங்கை ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, மேலே கடந்து போகும் உணவிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கின்றன. பல நாள் எதுவும் வராவிட்டால் அந்த விரல்கள் குட்டையாகின்றன, சுவர் மெலிகிறது, கிருமிகளை உள்ளே விடாமல் தடுக்கும் கட்டு தளர்கிறது, பித்தப்பையில் பித்தநீர் தேங்குகிறது. மணிக்கு 10 முதல் 20 மில்லி வரை உணவுக்கரைசல் போனால் குடலுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். மில்லிக்கு ஒரு கலோரி உள்ள கரைசல் என்றால் ஒரு நாளில் 240 முதல் 480 கலோரி. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 25 என்று வைத்தால் 1500 வேண்டும். ஆக, இங்கே சாப்பிடுவது நோயாளி இல்லை, அவருடைய குடல். நம் சொல் இதைச் சொல்ல வேண்டும்.

'ட்ரோஃபே' என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊட்டம் என்றுதான் பொருள். ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்தால் 'ஊட்ட ஊட்டல்' என்று வரும். மூலமே எதையும் விளக்காதபோது நாம் ஏன் அதன் பின்னால் போக வேண்டும்?

> வளரூட்டம் என்று வைத்தால் என்ன? சில ஹார்மோன்களின் பெயரிலும் இதே வேர்தானே.

வேர் சரிதான். ஆனால் எதுவும் வளரவில்லையே ஐயா. எடை கூட்டத் தருகிற சத்துமாவு போல ஒலிக்கிறது.

> குறையூட்டு. சுருக்கமாக இருக்கிறது.

இதை வேறொன்றுக்குச் சேமித்து வைக்க வேண்டும். புரதத்தை முழு அளவில் கொடுத்துக் கலோரியை மட்டும் வேண்டுமென்றே குறைப்பது தனி முறை. 2015இல் வெளியான பெர்மிட் ஆய்வு தேவையில் 40 முதல் 60 சதவீதக் கலோரி கொடுத்துப் பார்த்தது. குறையூட்டு அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். தவிர, குடும்பத்தார் காதில் 'குறை வைத்துவிட்டார்கள்' என்றுதான் விழும்.

துளியூட்டுக்கு ஏறக்குறைய ஓட்டுப் போட்டுவிட்டேன். அழகான சொல். ஆனால் துளி என்றதும் டிரிப்ஸ் நினைவு வருகிறது. குளுக்கோஸ் பாட்டில் ஏறினாலே சாப்பாடு ஆயிற்று என்று ஏற்கெனவே பலர் நினைக்கிறார்கள். 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை, சுமார் 170 கலோரி, புரதம் துளியும் இல்லை. அந்தக் குழப்பத்தில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம். குடல்தூண்டல் ஊட்டம் பொருளில் சரி, ஆனால் பேதி மருந்தின் பெயர் போல இருக்கிறது.

என் பரிந்துரை: குடல்நனை ஊட்டு.

'நாக்கை நனைச்சுக்கோ', 'தொண்டையை நனைச்சுட்டு வரேன்' என்கிறோம். வயிறு நிறைப்பது நோக்கமில்லை, காயாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது அந்த 'நனை'யிலேயே இருக்கிறது. அளவும் காரணமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. இலக்கணம் கேட்பவர்களுக்கு: ஊறுகாய் போல 'நனை ஊட்டு' வினைத்தொகை.

> நனைப்பு என்றால் வெறும் தண்ணீர் விட்டால் போதும் என்று ஆகிவிடாதா?

செவிலியர் ஒருவரின் கேள்வி. இதுவரை வந்ததில் கனமான மறுப்பு இதுதான். அதனால்தான் 'குடல்நனைப்பு' என்று மட்டும் சுருக்கக் கூடாது என்கிறேன். ஊட்டு என்ற சொல் கூடவே வர வேண்டும். மருந்துக்குப் பின் குழாயில் தண்ணீர் விடுவதைக் 'குழாய்க்கழுவல்' என்று தனியாகவே சொல்லலாம்.

> பட்டினிக்கு நல்ல பெயர் வைப்பது போலத் தெரிகிறதே?

இல்லை. ஈடன் என்ற ஆய்வு 2012இல் வந்தது. தீவிர நுரையீரல் பாதிப்புள்ள 1000 பேரில் ஒரு பாதிக்கு முதல் ஆறு நாள் சுமார் 400 கலோரி, மறுபாதிக்குச் சுமார் 1300. வென்டிலேட்டர் இல்லாமல் இருந்த நாட்களிலும் 60 நாள் இறப்பிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வாந்தி, முழு அளவு பெற்றவர்களிடம் கூடுதல். ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஒரு உண்மை உண்டு: இது ஆரம்ப நாட்களுக்கான அளவு. வாரக்கணக்கில் அதிலேயே நிறுத்தினால் தசை கரையும், அப்போது அது பட்டினிதான். எனவே கையேட்டில் இந்தச் சொல் தனியாக நிற்காது. 'முழுவூட்டு' என்ற சொல்லும், அதை நோக்கிய 'படியேற்றம்' என்ற சொல்லும் அதே பத்தியில் வரும். குடல் அடைப்பு, குடலுக்கு ரத்தம் போகாத நிலை, கட்டுக்குள் வராத ரத்த ஓட்ட அதிர்ச்சி (ஷாக்) ஆகியவற்றில் இந்த ஊட்டும் கிடையாது என்பதையும் எழுதியிருக்கிறோம்.

அப்புறம், குழாய் வழியே முடியாதபோது ரத்தக்குழாயில் கொடுப்பதைச் 'சிரைவழி ஊட்டம்' என்று வைத்திருக்கிறேன். சிரையை நாளம் என்று படித்த இலங்கை நண்பர்கள் 'நாளவழி' என்பார்கள். அடைப்புக்குறிக்குள் அதையும் போட்டுவிடுகிறேன், சண்டை வேண்டாம்.

கையேட்டில் வரப்போகும் வரிகள் இவை: "இப்போது தருவது குடல்நனை ஊட்டு. இது பசி தீர்க்கும் அளவு இல்லை. குடல் காய்ந்து மெலியாமல் காக்கும் அளவு. உடல்நிலை தேறத் தேற நாளுக்கு நாள் படியேற்றுவோம்."

வீட்டில் இருக்கும் மூத்தவர் யாரிடமாவது இதை ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் 'என்னது?' என்று கேட்கிறார்களோ அதை மட்டும் எழுதி அனுப்பினால் போதும்.

அன்புடன்.