பாக்கெட்ல வைக்க உறுதியான பேனா, தற்காப்புக்கும் ஆகணும்

கேள்வி: நைட் ஷிப்ட் முடிஞ்சு தனியா நடந்து வரணும், பிளாஸ்டிக் பேனா எல்லாம் பைக்குள்ளயே உடைஞ்சு மை கசிஞ்சுடுது, நல்லாவும் எழுதணும் ஆபத்துன்னா குத்தவும் தாங்கணும், எது வாங்கலாம்?

பதில் 1: டாக்டிக்கல் பேனான்னு கூர் முனையோட விக்கிறது வேண்டாம் அக்கா, என்னோடத ஏர்போர்ட் செக்கிங்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க. பார்க்கர் ஜாட்டர் முழு ஸ்டீல் மாடல் எடுங்க, 1954ல வந்த பேனா, கிளிப் இறுக்கமா நிக்கும்.

பதில் 2: அதுலயே ஃபிஷர் ஸ்பேஸ் ரீஃபில் போடலாம், கூட வர்ற குட்டி பிளாஸ்டிக் துண்ட பின்னாடி மாட்டணும். உள்ள நைட்ரஜன் அழுத்தம் இருக்கறதால ஈரப் பேப்பர்லயும் எழுதும், 1968ல அப்பல்லோ 7 விண்கலத்துல போன சமாச்சாரம்.

பதில் 3: எந்தப் பேனாவா இருந்தாலும் இருட்டுல நடக்கும்போது கையிலயே இருக்கட்டும்மா, பையில துழாவ நேரம் இருக்காது. ஒரு குத்து, சத்தமா கத்திட்டே ஓடுங்க, உடனே அவசர உதவி எண் 112க்கு அடிங்க.