மண் ஈரமும் எர்த் ரீடிங்கும்: மலையில் நாங்கள் பார்த்தவை

கோத்தகிரி, எலக்ட்ரீஷியன்:
தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு எர்த், அதாவது மின்கசிவை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு, போடுவது என் தொழில். இந்தப் பக்கம் பெரிய மழை ஐப்பசியில்தான். அப்போது அளந்து மின்தடை 3 ஓம் (குறைவாக இருந்தால்தான் நல்லது) என்று எழுதி வைத்த அதே எர்த் குழி, மாசிக் கடைசியில் 11 காட்டியது. போல்ட் இறுக்கமாக இருந்தது, குழியில் புதைத்த பைப்பில் துரு இல்லை. மண் காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

காய்ந்த மண் மின்சாரத்தைக் கடத்தாது என்றே சொல்லலாம். மண்ணின் இடுக்குகளில் நிற்கும் தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும்தான் கடத்துகின்றன. ஈரம் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை மின்தடை அதிகம் மாறாது. அதற்குக் கீழே போனால் கிடுகிடுவென ஏறும். நம் மலையில் இன்னொரு சங்கடம், காலங்காலமாகப் பெய்த மழை உப்புகளை அலசிக்கொண்டு போய்விட்டது. சொதசொதவென்று கிடக்கும் செம்மண்கூட கீழ்நாட்டுக் களிமண் அளவுக்குக் கடத்தாது. "ரெண்டு குடம் தண்ணி ஊத்தினா சரியாகிடும்" என்பவர்களிடம் இதைச் சண்டை போட்டாவது சொல்லிவிடுவேன்.

குழி வெட்டும் முன் மண்ணின் தடையை வென்னர் முறையில் பார்ப்பேன். 1915-இல் வந்த முறை, இன்றும் அதுதான் நம்பகமானது. நான்கு கம்பிகளை ஒரே கோட்டில் சம இடைவெளியில் அடித்து, வெளி இரண்டில் கரண்ட் விட்டு, உள் இரண்டில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். இடைவெளி கூடினால் ஆழத்து மண்ணும் கணக்கில் வரும். ஒரு தோட்டத்தில் கோடையில் 1 மீட்டர் இடைவெளியில் வந்த மண் தடையில் பாதிகூட 3 மீட்டரில் இல்லை. அடியில் ஊற்றுக் கசிவு இருந்தது. பைப்பை அந்த ஆழத்துக்கே இறக்கினோம்.

கேத்தி, கேரட் விவசாயி:
அண்ணா, எங்கள் பாத்தியில் ஈரம் பார்க்கும் சென்சார் இரண்டு வகை வைத்திருக்கிறோம். மின்தடையை அளக்கும் மலிவான சென்சார், உரம் போட்ட மறுநாள் மண் நனைந்துவிட்டதாகக் காட்டும். உப்பு கூடியதால் வந்த வினை. மின்தேக்கி வகை அவ்வளவு ஏமாறுவதில்லை. தண்ணீரின் மின்காப்பு மாறிலி (மின்னேற்றத்தைத் தேக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்று சொல்லும் எண்) சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரைதான். அந்த வித்தியாசத்தை வைத்து அது ஈரத்தைக் கணிக்கிறது. ஆனால் தை மாத உறைபனியில் மேல்மண் இறுகியிருக்கும் காலையில், அதுவும் பாத்தி காய்ந்துகிடப்பதாகக் காட்டும். உறைந்த நீரின் மாறிலி ஏறக்குறைய 3தான். வெயில் ஏறியதும் எண் தானாகத் திரும்பிவிடும். அதனால் விடியற்காலை ரீடிங்கைப் பார்த்து நாங்கள் தண்ணீர் விடுவதில்லை. மோட்டார் எர்த்தை எப்போது சோதிக்கலாம்?

கோத்தகிரி, எலக்ட்ரீஷியன்:
மாசி, பங்குனியில் பாருங்கள் தம்பி. குழிக்குத் தண்ணீர் ஊற்றாமல், முதலில் உள்ளபடியே அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.